ஐந்து வெள்ளி டி.வி.டி.யும் ஓர் ஆந்தையும்



படம் பார்த்து ஏமாந்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர் உண்டு. காசும் போயிற்று, மூன்று மணி நேரமும் போயிற்று என்று தலையில் அடித்துக்கொண்டு மறுநாள் காலையில் பெரட்டுக்குப் போய்விடுவோம். அதோடு அந்தக் கதை முடிந்துவிடும். ஆனால் நான் ஏமாந்த ஒரு படத்தின் கதை அப்படி முடியவில்லை. அது ஓர் ஏழைத் தாயின் கைத்தொலைபேசியைப் பாரிட்டுத் தண்ணீரில் கொண்டுபோய்ச் சேர்த்தது. பல ஆண்டுகள் பாடம் சொல்லிக் கொடுத்த எனக்கே ஒரு பாடத்தைக் கற்றுக் கொடுத்தது. அதைத்தான் இன்று உங்களிடம் மனம் விட்டுச் சொல்லப் போகிறேன்.

நான் சுங்கை ஆயர் தாவார் வட்டாரத்தில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளி ஆசிரியன். ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழைத் தவிர வேறு பெரிய பட்டம் எதுவும் எனக்குக் கிடையாது. கோல சிலாங்கூரிலிருந்து வடக்கே தஞ்சோங் காராங், செகிஞ்சான், சுங்கை பெசார் என்று கடலோரமாகவே வந்தால் எங்கள் பக்கம் வந்துவிடலாம். ஒரு புறம் கண்ணுக்கெட்டிய தூரம் நெல் வயல், மறுபுறம் தென்னையும் செம்பனையும். செம்பனைக் காட்டுக்குள் ஆங்காங்கே உயரமான கம்பங்களில் பலகைப் பெட்டிகள் நிற்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவை ஆந்தைக்காகத் தோட்டத்தார் கட்டிக் கொடுத்த வீடுகள். எலிகள் செம்பனைப் பழத்தைக் கடித்துப் பாழாக்குகின்றன. ஆந்தை அந்த எலிகளைத் தின்கிறது. கூகை என்று நம் பெரியவர்கள் சொல்லும் அந்த வெள்ளை முக ஆந்தையில் ஒரு ஜோடி, குஞ்சுகளோடு சேர்ந்து ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலிகளைத் தீர்த்துவிடும் என்பார்கள். ஆந்தை அலறினால் வீட்டில் சாவு விழும் என்று பயந்த நம் சனங்கள்கூட இந்த ஆந்தையோடு சமாதானமாகிவிட்டார்கள். இந்தப் பெட்டிகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

என் சிறு வயதில் தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள். பாயும் தலையணையுமாகச் சாயங்காலமே போய் இடம் பிடித்துவிடுவோம். துணிக்கு இந்தப் பக்கம் இடமில்லாதவர்கள் அந்தப் பக்கம் உட்கார்ந்து, கதாநாயகன் இடது கையால் கத்தி பிடிப்பதைப் பார்த்து ரசிப்பார்கள். பிறகு வீடியோ நாடா வந்தது, அதன் பின் வீ.சி.டி., அதன் பின் டி.வி.டி. 1963ஆம் ஆண்டில் வந்த ‘கலை அரசி’யை நான் வீடியோவில்தான் பார்த்தேன். வேற்றுக் கிரகத்தார் பறக்கும் தட்டில் வந்து பானுமதியைத் தூக்கிப் போவதும், எம்.ஜி.ஆர். அவரை மீட்கப் போவதுமான படம். அதைப் பார்த்த இரவு லயத்து வாசலில் மல்லாந்து படுத்துக்கொண்டு வானத்தையே பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது. ஒரு விஞ்ஞானக் கற்பனைப் படம் செய்யவேண்டிய வேலை அதுதான் என்பது என் எண்ணம். பிள்ளையின் தலையை மேலே நிமிர்த்த வேண்டும்.

‘எந்திரன்’ அந்த வேலையைச் செய்தது. 2010ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதி வந்த படம். அதன் பாடல்களை அந்த ஆண்டு ஜூலை கடைசியில் நம் மலேசியாவில்தான் வெளியிட்டார்கள் என்பதால் நமக்கு அது சொந்தப் படம் போலவே ஆகிவிட்டது. தோட்டத்தில் நான்கு குடும்பமாகச் சேர்ந்து, கிள்ளானுக்கு வேன் பிடித்துப் போய்ப் பார்த்தோம். ரஜினியின் சண்டையைப் பற்றிப் பிள்ளைகள் பேசியது ஒரு வாரம்தான். ஆனால் ஒரு காட்சியைப் பற்றி மாதக்கணக்கில் கேள்வி கேட்டார்கள். தீப்பிடித்த வீட்டிலிருந்து குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைச் சிட்டி என்னும் எந்திர மனிதன் அப்படியே தூக்கிக்கொண்டு வந்து ஊர் நடுவில் நிறுத்திவிடுகிறது. உயிர் பிழைத்த அந்தப் பெண் மானம் தாங்காமல் ஓடி லாரியில் அடிபட்டு இறந்துபோகிறாள். “சிட்டி நல்லதுதானே சார் செஞ்சுச்சு? அப்புறம் ஏன் அந்த அக்கா செத்துப்போனாங்க?” என்று ஒரு மாணவி கேட்டாள். எல்லாம் தெரிந்த இயந்திரத்துக்கு வெட்கம் என்றால் என்னவென்று தெரியவில்லை என்று பதில் சொல்ல ஆரம்பித்து, அன்று ஒரு பாடவேளை முழுவதும் பேசினோம். எழுத்தாளர் சுஜாதா 2008இல் காலமாவதற்கு முன் உரையாடல் எழுதிக் கொடுத்த படம் அது. விஞ்ஞானத்தைச் சாதாரண மனிதனின் முற்றத்துக்குக் கொண்டுவந்த அந்தக் கை எங்கே இருந்தது என்பது பார்ப்பவர்களுக்குத் தெரியும்.

எட்டு ஆண்டுகள் கழித்து, 2018ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் தேதி, அதே ஷங்கரின் இயக்கத்தில் ‘2.0’ வந்தது. அதே விஞ்ஞானி வசீகரன், அதே சிட்டி, ஆனால் கதை தனி. எதிரியாக வடநாட்டு நடிகர் அக்‌ஷய் குமார். செலவு 500 கோடி ரூபாயை எட்டியது என்று பத்திரிகைகள் எழுதின. முப்பரிமாணக் கருவியாலேயே நேரடியாக எடுக்கப்பட்ட படம். கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்த்தால் பறவை முகத்தில் வந்து மோதும் என்றார்கள். அந்தச் சமயம் வீட்டில் உடல்நலக் குறைவு. எங்களால் தியேட்டருக்குப் போக முடியவில்லை. பிள்ளைகளோ, “சார், சிட்டி திரும்பி வந்துட்டாரு, எப்ப சார் பார்க்கறது?” என்று நச்சரித்துக்கொண்டே இருந்தார்கள்.

2019ஆம் ஆண்டு மார்ச் மாதப் பள்ளி விடுமுறைக்கு முன் பசார் மாலாமில் அந்தப் படத்தின் டி.வி.டி. கண்ணில் பட்டது. விலை ஐந்து வெள்ளி. அசல்தானா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். நேர்மையைப் பற்றிப் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதக் கொடுக்கிற வாத்தியார், ஐந்து வெள்ளிக்கு அது எப்படிக் கிடைக்கும் என்று தன்னையே கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். வாங்கி வந்துவிட்டேன்.

“ஏங்க, பிள்ளைங்களுக்குப் போடறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவ போட்டுப் பார்த்துடுங்க” என்றாள் என் மனைவி.

“ரஜினி படத்தை யாராவது சோதனை பண்ணிப் பார்ப்பாங்களா?” என்றேன் நான். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

சனிக்கிழமை மாலை, கோயில் மண்டபத்தில் தொலைக்காட்சிப் பெட்டியைத் தூக்கி வைத்து, முப்பது பிள்ளைகளுக்கு மேல் பாயில் உட்கார வைத்துவிட்டு ஒரு சிறிய சொற்பொழிவும் ஆற்றினேன். “இது வெறும் சண்டைப் படம் இல்லை. விஞ்ஞானப் படம். நன்றாகக் கவனியுங்கள்” என்றேன். என் வாயால் நானே சொன்ன இந்த வார்த்தையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படம் ஆரம்பித்தது. முதல் காட்சியிலேயே வயதான மனிதர் ஒருவர் கைத்தொலைபேசிக் கோபுரத்தில் ஏறித் தன் உயிரை மாய்த்துக்கொள்கிறார். எனக்குப் பகீர் என்றது. எட்டு வயது, ஒன்பது வயதுப் பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிறுத்துவதா வேண்டாமா என்று நான் தடுமாறுவதற்குள், ஊரில் எல்லார் கையிலிருந்தும் கைத்தொலைபேசிகள் பறக்க ஆரம்பித்துவிட்டன. பிள்ளைகள் கைதட்டினார்கள். நானும் உட்கார்ந்துவிட்டேன்.

கைத்தொலைபேசிகள் எல்லாம் ஒன்றுசேர்ந்து ஒரு பெரிய பறவையாகின்றன. அந்தப் பறவைக்குள் இருப்பது இறந்துபோன பட்சிராஜனின் ஆவி. பறவைகளுக்காகவே வாழ்ந்தவர் அவர். கோபுரங்களின் கதிர்வீச்சால் பறவைகள் சாகின்றன என்று ஒவ்வொரு கதவாகத் தட்டியும் யாரும் காது கொடுக்கவில்லை. அந்த ஆற்றாமையே ஆவியாகி ஊரை அழிக்கப் புறப்படுகிறது. அதை அடக்கச் சிட்டியை மீண்டும் உயிர்ப்பிக்கிறார்கள். அப்புறம் இடி, மின்னல், இரும்பு, கண்ணாடித் தூள்.

கையால் குலுக்கி எடுத்ததுபோல் இருட்டும் மங்கலுமாக இருந்தது அந்தப் பதிவு. முப்பரிமாணத்துக்காக எடுத்த காட்சிகள் தட்டைத் திரையில் வெறுமையாகத் தெரிந்தன. முகத்தில் வந்து மோதவேண்டிய பறவை, தொலைக்காட்சியில் ஈப்போலப் பெரிதாகி மறைந்தது. கடைசிச் சண்டை முடிகிற சமயத்தில் டி.வி.டி. சிக்கிக்கொண்டது. துடைத்துப் போட்டேன், ஊதிப் போட்டேன், மறுபடியும் அதே இடத்தில் நின்றது. “போதும், வீட்டுக்குப் போங்க” என்று பிள்ளைகளை அனுப்பிவிட்டேன்.

முழுப் படத்தையும் நான் பிறகுதான் பார்த்தேன். விஞ்ஞானத்தை அளவோடு, மற்ற உயிர்களுக்குத் தீங்கில்லாமல் பயன்படுத்த வேண்டும், பட்சிராஜனின் கவலையில் நியாயம் உண்டு என்ற பேச்சு கடைசியில்தான் வருகிறது. எங்கள் பிள்ளைகள் பார்க்காமல் போன பகுதி அதுதான். ஆனால் குற்றத்தை முழுவதும் அந்த டி.வி.டி.யின் தலையில் போட எனக்கு மனம் வரவில்லை. இரண்டரை மணி நேரம் காரத்தை ஊட்டிவிட்டு, கடைசியில் ஒரு கரண்டி மோர் ஊற்றினால் வயிற்றெரிச்சல் அடங்குமா?

அந்தப் படத்தில் நல்லதே இல்லை என்று நான் சொல்லவில்லை. தமிழில் இத்தனை பிரம்மாண்டம் செய்து காட்ட முடியும் என்பதற்கு அது சாட்சி. பறவைகளுக்காக ஒரு பெரிய நடிகர் கண்ணீர் விட்டுப் பேசுகிற படத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. என் ஏமாற்றமே அங்கேதான். அழுகிற நல்லவரையே அரக்கனாக்கிவிட்டார்கள். முதல் படத்தில் கற்றுக்கொள்ளும் பிள்ளையாக இருந்த சிட்டியை, இரண்டாவதில் வெறும் ஆயுதமாக்கிவிட்டார்கள். ஆவிக்கு நல்ல சக்தி, கெட்ட சக்தி என்று பெயர் வைத்து, பேய்ப் படத்துக்கு விஞ்ஞானச் சட்டை மாட்டிவிட்டார்கள். இது தவறான விஞ்ஞானத்தைப் பரப்புகிறது என்று இந்தியக் கைத்தொலைபேசி நிறுவனங்களின் சங்கம் படம் வெளிவருவதற்கு முன்பே தணிக்கைக் குழுவிடம் புகார் செய்தது. வியாபாரம் கெட்டுவிடுமே என்று பயந்து பேசுகிறார்கள் என்றுதான் அந்தச் செய்தியைப் படித்தபோது நான் நினைத்தேன். அடுத்த வாரம் என் வீட்டு வாசலில் நடந்தது என்னை வேறு மாதிரி நினைக்க வைத்தது.

படம் போட்ட புதன்கிழமை இரவு ஒன்பது மணி இருக்கும். கதவு தட்டும் சத்தம். மூன்றாம் ஆண்டில் என்னிடம் படிக்கும் ஒரு பையனின் தாய் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் பையன். மறு கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“மன்னிச்சுக்குங்க சார், இந்த நேரத்துல வந்துட்டேன். இவன் என் போனைப் பாரிட்டுல வீசிட்டான் சார். ஏன்டான்னு கேட்டா, ஆந்தை செத்ததுக்குப் போன்தான் காரணம், சார் போட்ட படத்துல இருக்குன்றான். விஞ்ஞானப் படம்னு நீங்களே சொன்னீங்களாம். நெசமா சார்?”

அந்தத் தாயின் கணவர் சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர். ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணிக்கு அந்தப் போனில் கூப்பிடுவார். அந்தக் குடும்பத்துக்கு வாரத்தில் ஒரு நாள் தகப்பன் வீட்டுக்கு வருவது அந்தப் போனுக்குள்தான். அம்மா குலை பொறுக்கிச் சேர்த்த காசில் வாங்கியது.

நான் பையனைப் பார்த்தேன். அடி வாங்கிய கன்னம் சிவந்திருந்தது. ஆனால் அவன் அழவில்லை.

“பெட்டியில குஞ்சு கத்துது சார்” என்றான். “இன்னொரு ஆந்தையும் செத்துப்போச்சுன்னா அதுங்களுக்கு யாரு சார் சாப்பாடு குடுப்பா?”

வாசகர்களே, அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. விளையாட்டுக்காக அவன் அதைச் செய்யவில்லை. காலையில் லயத்துக்குப் பின்னால், ஆந்தைப் பெட்டிக் கம்பத்தின் அடியில் ஓர் ஆந்தை செத்துக் கிடந்ததை அவன் பார்த்திருக்கிறான். பெட்டிக்குள் குஞ்சுகள் சீறும் சத்தத்தைக் கேட்டிருக்கிறான். தன் வீட்டில் இருந்ததிலேயே விலையுயர்ந்த பொருளைக் கொடுத்து அவற்றைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறான். அப்பாவின் குரலையே கொடுத்திருக்கிறான் என்றுகூடச் சொல்லலாம். அந்தத் தியாகத்தில் ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் நான் அவனுக்குக் காட்டிய காரணத்தில்தான்.

என் பழைய கைத்தொலைபேசி ஒன்று மேசை இழுப்பறையில் கிடந்தது. நனைந்த போனிலிருந்து சிம் அட்டையை எடுத்துத் துடைத்துப் போட்டுப் பார்த்தேன். நல்ல வேளை, வேலை செய்தது. “வேணாம் சார், பையன் செஞ்ச தப்புக்கு நீங்க ஏன்...” என்று அந்தத் தாய் பின்வாங்கினார்.

“தப்பு அவனுது மட்டும் இல்லம்மா. எடுத்துக்குங்க. அவனை இனி அடிக்காதீங்க” என்றேன்.

அவர்கள் போன பிறகு என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

மறுநாள் காலையில் தோட்டத்தில் எலி மருந்து வைக்கும் பெரியவரைத் தேடிப் போனேன். இந்தப் பெட்டிகளில் ஏணி வைத்து ஏறிக் குஞ்சுகளை எண்ணுவதும் அவர்தான். செத்த ஆந்தையை அவரும் பார்த்திருந்தார்.

“கோபுரமாவது கீபுரமாவது!” என்று சிரித்தார். “அங்க டவுன்ல கடை மாடியில பறவைக் கூட்டு வீடு இருக்கே, கோபுரத்துக்குப் பக்கத்துலதான் இருக்கு. சாயங்காலமானா எத்தனை குருவி வந்து அடையுது! எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன் சார். மருந்து தின்ன எலி ஒடனே சாகாது. நாலஞ்சு நாளு தள்ளாடிக்கிட்டே திரியும். ஓட முடியாத எலி ஆந்தைக்கு லேசாக் கெடைக்கும். மருந்து எலி வயித்துல இருந்து ஆந்தை வயித்துக்குப் போகுது. எல்லா மருந்தும் அப்படிச் செய்யாது. சில மருந்து ரொம்ப நாளு ஒடம்புல தங்கும்.”

அவர் சொன்னது வெறும் அனுபவப் பேச்சு அல்ல என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். எலி மருந்துகளில் பெரும்பாலானவை இரத்தத்தை உறையவிடாமல் செய்து கொல்பவை. வார்ஃபரின் போன்ற பழைய மருந்துகளுக்கு எலிகள் பழகிப்போனதும், அவற்றைவிடக் கடுமையான மருந்துகள் வந்தன. அவை எலியின் ஈரலில் தங்கி, அந்த எலிகளைத் தின்னும் ஆந்தையையும் பாதிக்கின்றன. 1980களிலேயே நம் நாட்டுச் செம்பனைத் தோட்டங்களில் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள். எங்கள் ஆந்தையின் வயிற்றை அறுத்துப் பார்க்க ஆள் இல்லை. அதனால் இதுதான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் ஒரு பக்கம் சான்று இருக்கிறது. மறுபக்கம் சினிமா இருக்கிறது.

சரி, கைத்தொலைபேசி அலைகள் பறவைகளை ஒன்றும் செய்வதில்லையா என்று நீங்கள் கேட்கலாம். அதையும் தேடினேன். கைத்தொலைபேசியின் அலை வானொலி அலையின் இனத்தைச் சேர்ந்தது. எக்ஸ்ரே கதிரைப் போல உயிரணுக்களை உடைக்கும் வலு அதற்கு இல்லை. ஆனால் மனிதன் பரப்பும் மின்காந்த இரைச்சல் பறவையைத் தொந்தரவே செய்யாது என்றும் சொல்லிவிட முடியாது. ஐரோப்பாவில் ராபின் என்றொரு சின்னக் குருவி உண்டு. பூமியின் காந்தத்தை உணர்ந்து இரவில் திசை கண்டு பறக்கும். ஜெர்மனியில் ஓல்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் மரக் குடிசைக்குள் வைத்தபோது அந்தக் குருவிகளுக்குத் திசை குழம்பியது. குடிசைக்கு அலுமினியத் தகடு அடித்து இரைச்சலைத் தடுத்ததும் திசை திரும்பக் கிடைத்தது. 2014ஆம் ஆண்டு ‘நேச்சர்’ என்னும் ஆய்விதழில் இது வெளிவந்தது. குழப்பியவை மின்சாதனங்களிலிருந்தும் பழைய மத்திய அலை வானொலியிலிருந்தும் வரும் தாழ்ந்த அலைகள். கைத்தொலைபேசி அலைகள் அந்த வரிசையில் இல்லை. குருவிகளுக்கு வழி குழம்பியதே ஒழிய, ஒன்றும் செத்து விழவும் இல்லை. உண்மை இப்படித்தான் இருக்கிறது பாருங்கள். சினிமாவைவிடச் சிறியது, ஆனால் சினிமாவைவிட ஆச்சரியமானது.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, வகுப்பில் முதல் வேலையாக எழுந்து நின்று, “சார் உங்ககிட்ட ஒரு தப்புச் செஞ்சுட்டேன்” என்று ஆரம்பித்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள், பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள். அந்தப் படம் கதை என்றும், கதைக்குள் இருக்கும் கவலை மட்டும் மெய் என்றும் சொன்னேன். ராபின் குருவியின் கதையைச் சொன்னேன். கரும்பலகையில் எலி, மருந்து, ஆந்தை என்று எழுதி, நடுவில் அம்புக்குறி போட்டேன்.

இன்னொரு கதையும் சொன்னேன். பட்சிராஜனைப் பார்த்தவர்கள் பலருக்கும் நினைவுக்கு வந்தவர் இந்தியாவின் பறவையியல் அறிஞர் சாலிம் அலி. 1896இல் பிறந்து 1987இல் மறைந்தவர். பம்பாயில் சிறுவனாக இருந்தபோது அவர் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினார். அதன் தொண்டையில் மஞ்சள் நிறம் இருந்தது. மற்றக் குருவிகளுக்கு இல்லாத அந்த மஞ்சள் ஏன் என்று கேட்டுக்கொண்டு, மாமா கொடுத்த கடிதத்தோடு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனார். அங்கே இருந்த மில்லார்ட் என்னும் வெள்ளைக்காரர் பையனைத் துரத்தவில்லை. பெட்டி பெட்டியாகத் திறந்து, பதப்படுத்திய பறவைகளைக் காட்டினார். அன்று திறந்த அந்த வழியில் வாழ்நாள் முழுவதும் நடந்து, இந்தியப் பறவைகளைப் பற்றி உலகத்துக்கே சொல்லிக் கொடுத்தார் சாலிம் அலி. அவரும் ஒரு செத்த பறவையைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்ட பையன்தான். அவருக்குக் கிடைத்த பெரியவர் பதிலைத் தேடக் கற்றுக் கொடுத்தார். எங்கள் பையனுக்குக் கிடைத்த பெரியவனோ ஐந்து வெள்ளி டி.வி.டி.யைப் போட்டுக் காட்டினேன்.

எலி மருந்துப் பெரியவர் கிராணியிடம் விஷயத்தைச் சொல்ல, குஞ்சுகள் பறக்கும்வரை அந்தப் பெட்டியைச் சுற்றி மருந்து வைக்காமல் விட்டார்கள். இன்னோர் ஆந்தை பிழைத்திருந்தது. இருட்டியதும் அது எலியோடு வருவதை என் வகுப்புப் பிள்ளைகள் தூரத்தில் நின்று எண்ணினார்கள். கம்பத்தடியில் ஆந்தை கக்கிப்போட்ட உருண்டைகளைக் கையுறை போட்டு எடுத்து வந்து பிரித்துப் பார்த்தோம். மயிரும் எலும்பும் சின்னஞ்சிறு மண்டை ஓடும் வந்தன. “இது ஒரு எலி, இது ரெண்டாவது எலி” என்று அந்தப் பையன் செய்தித்தாளில் வரிசையாக அடுக்கிவைத்தான். பெட்டியில் மூன்று குஞ்சுகள் இருந்தன. இரண்டு பறந்தன. மூன்றாவது என்ன ஆயிற்று என்று கேட்டவர்களுக்கு நான் மறைக்காமல் சொன்னேன். இறந்துவிட்டது.

ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். நம் வீடுகளில் இப்போது டி.வி.டி.கூடப் பழையதாகிவிட்டது. நம் பிள்ளைகளின் கையில் நாளெல்லாம் படம் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் எது கதை, எது மெய் என்று யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். படம் எடுத்தவர்கள் வந்து சொல்லமாட்டார்கள். நீங்களும் நானும்தான் சொல்ல வேண்டும். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லி, சேர்ந்து தேட வேண்டும். காரணம் தவறினால் பரிகாரமும் தவறும். தவறான காரணத்தை நம்பியவன் வீட்டில் இருந்ததிலேயே அருமையான பொருளைத் தண்ணீரில் எறிந்தான். ஆந்தைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. சரியான காரணத்தைத் தேடிப் போனபோது யாரும் எதையும் எறிய வேண்டியிருக்கவில்லை. கம்பத்தைச் சுற்றி மருந்தை வைக்காமல் விட்டதே போதுமாக இருந்தது.

பள்ளி திறந்த அந்தத் திங்கட்கிழமை, மணி அடித்துப் பிள்ளைகளெல்லாம் போன பிறகு, அந்தப் பையன் மட்டும் என் மேசையருகே வந்து நின்றான்.

“அப்பா நேத்துப் பேசினாரு சார்” என்றான்.

“என்ன சொன்னாரு?”

“குஞ்சு எத்தனை இருக்குன்னு கேட்டாரு.”